விருது வாங்கிய தமிழ்ப் படங்களைச் சென்னையில் எங்கே போய்ப் பார்ப்பது?

கேட்டவர் வேலைக்காகச் சென்னை வந்து ஒரு வருடம் ஆகிறதாம். வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிய தமிழ்ப் படங்களின் பெயர் காதில் விழுகிறது, படம் மட்டும் கண்ணில் படுவதே இல்லை, பெரிய கம்பெனிகளைச் சாராமல் எடுக்கிற சுயாதீன சினிமா என்று ஒன்று இந்த ஊரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. எடுக்கவும் ஆள் இருக்கிறது, பார்க்கவும் ஆள் இருக்கிறது. நடுவில் திரை கிடைப்பதுதான் பெரும்பாடு.

'கூழாங்கல்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் மேலூர்ப் பக்கத்துக்காரர், சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்துக்கொண்டே உலகப் படங்களைப் பார்த்துத் தொழில் கற்றவர். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை வாங்கினார், அதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான், அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. ஆனால் நம் கைக்கு வந்தது 2023 அக்டோபரில், அதுவும் சோனி லிவ்வில். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற படமா அது? கொளுத்தும் வெயிலில் ஓர் அப்பனும் பையனும் நடக்கிற கதை, அந்த வெயிலைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நடக்கிற பையன், வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான், அங்கே ஏற்கெனவே வரிசையாகக் கற்கள் இருக்கின்றன. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அப்பன் அவனை இப்படி இழுத்துக்கொண்டு அலைவது எத்தனையாவது தடவையோ என்று அந்த ஒரு ஷாட்டிலேயே நெஞ்சு அடைத்துவிடும்.

செழியனின் 'டு லெட்' முழுக்க முழுக்கச் சென்னைக் கதை, ஐடி வேலைகள் வந்து வாடகை ஏறிய காலத்தில் வீடு தேடி அலைகிற ஒரு குடும்பம். 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவித்தார்கள். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில்.

சரி, தியேட்டருக்கு வந்தால் என்ன ஆகிறது? வெள்ளிக்கிழமை ரிலீஸ். காலையில் ஒன்று, இல்லையென்றால் ராத்திரி பத்தரைக்கு ஒன்று என்று ஷோ கொடுப்பார்கள். ஒவ்வொரு திரைக்கும் படம் ஓட்டுகிற டிஜிட்டல் கருவிக்கான கட்டணத்தைச் சின்னப் படமும் கட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு அப்புறம் போஸ்டருக்குக் காசு மிஞ்சாது. பார்த்தவர் நாலு பேரிடம் சொல்லி, அவர்கள் கிளம்புவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும், படத்தைத் தூக்கிவிடுவார்கள். போன வருடம் ஒரு சின்னப் படத்துக்கு ஞாயிறு இரவுக் காட்சிக்கு நானும் தங்கையும் டிக்கெட் போட்டிருந்தோம். மதியம் மூன்று மணிக்கு மெசேஜ் வருகிறது, காட்சி ரத்து, பணம் திரும்ப வரும் என்று. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, ஏனென்றால் அந்தப் படத்தின் இயக்குநர் எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்கு என்று தினமும் காலையில் ஃபேஸ்புக்கில் தானே உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் ஓடிடிக்குப் போகாமல் தியேட்டருக்கே வந்தது, பின்னணி இசையே இல்லாத படம், ஆனால் தயாரிப்பில் சிவகார்த்திகேயன் பெயரும் நடிப்பில் சூரி பெயரும் இருந்தன. அப்படிப் பெயர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

அதனால் தியேட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சின்ன அரங்குகளுக்குப் போங்கள். சினிமா புத்தகங்களுக்கென்றே தமிழ் ஸ்டுடியோ அமைப்பின் அருண் வடபழனியில் தொடங்கிய பியூர் சினிமா கடை, பா. ரஞ்சித் ஆரம்பித்த கூகை நூலகம், பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஸ்பேசஸ் என்று இந்த ஊரில் படம் போட்டுப் பேசுவதற்கு இடங்கள் உருவாகிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஏப்ரலில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்துகிற பி.கே. ரோசி திரைப்பட விழா. ஆவணப்படம் பிடிக்கும் என்றால் ஆர்.பி. அமுதனின் மறுபக்கம் அமைப்பு நடத்தும் திரையிடல்களைத் தவறவிடாதீர்கள், 1998இல் மதுரையில் ஆவணப்பட விழாவைத் தொடங்கியவர் அவர். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் இருக்கிறது, ஆனால் அங்கே வெளிநாட்டுப் படங்களுக்குத்தான் கூட்டம் அலைமோதும்.

நான் முதன்முதலில் போனது ஒரு மாடி அறை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வசனம் கேட்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், எல்லோருக்கும் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது, ஒருவர் எழுந்து போகவில்லை. பாதிப் பேர் உதவி இயக்குநர்கள். படம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அந்தப் பொண்ணு ஏன் கடைசியில வீட்டுக்குள்ள போகல?" என்று இயக்குநரிடம் நேராகவே கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க என்ன நினைச்சீங்க, அதைச் சொல்லுங்கம்மா" என்றார். அந்தப் பேச்சு அங்கே முடியாமல் கீழே டீக்கடை வரைக்கும் வந்து, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. வர வேண்டும் என்று தோன்றினால் சனிக்கிழமை சாயங்காலங்களைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அன்றைக்குத்தான் படம் போடுவார்கள்.