நகமும் உகிரும்

அன்புள்ள ஐயா,

புலிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘நகம்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். விலங்குக்கு ‘உகிர்’ என்பதுதானே சரி? நகம் என்பது ‘நகு’ (ஒளிர்தல்) என்ற வேரில் பிறந்தது என்கிறார் நண்பர் ஒருவர். விளக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நகுவிலிருந்து நகம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓசை ஒத்துப்போனால் மட்டும் போதாது. நகம் வடமொழியிலிருந்து வந்த சொல். லத்தீனின் உங்குயிஸ், கிரேக்கத்தின் ஓனிக்ஸ், ஜெர்மனின் நாகெல், ஆங்கிலத்தின் நெயில் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். தமிழ் வேர் ஒன்று அத்தனை மொழிகளிலும் போய் அதே பொருளில் உட்கார்ந்திருக்க வழியில்லை. பழைய நூல்களில் நகம் என்றால் மலை என்றும் வரும். அது வேறு சொல். ‘ந’ + ‘க’, செல்லாதது என்று பொருள். வடமொழியில் இரண்டுக்கும் ககரம் வேறுவேறு. நமக்கு ஒரே ககரம் என்பதால் தமிழில் ஒன்றாகிவிட்டன.

உகிர் நம் வீட்டுச் சொல். கன்னடத்தில் இன்றும் உகுரு. தெலுங்கில் கோரு; உரல் அங்கே ரோலு ஆனதுபோல உகிரும் முன்னெழுத்தை உதிர்த்துவிட்டது.

சரி, உகிர் விலங்குக்கு மட்டும்தானா? இல்லை. பட்டினப்பாலையில் ‘கூருகிர் ஞமலி’ என்று நாய்க்கு வருகிறது. பொருநராற்றுப்படையிலோ, பாடினியின் காந்தள் போன்ற விரலில் ‘கிளிவாய் ஒப்பின் ஒளிவிடு வள்ளுகிர்’. கிளியின் அலகு போன்ற வளைவும் மினுக்கமும் அந்த ஒரே அடியில் இருக்கின்றன. எனக்கு மிகப் பிடித்த அடி இது. அதே வள்ளுகிர் திருமங்கையாழ்வாரிடம் நரசிம்மனின் கைக்குப் போய் இரணியன் மார்பைப் பிளக்கிறது.

உடற்கூறும் இதற்கு ஒத்துவருகிறது. நம்முடையதும் புலியுடையதும் கெரட்டின் என்னும் ஒரே பொருள்தான். நம்முடையது விரல்மேல் தட்டையாகப் படர்கிறது, புலிக்கு விரலின் கடைசி எலும்பைச் சுற்றி வளைந்து கூராகிறது. பூனை பிறாண்டும் இடத்தில் தேடிப் பாருங்கள். பிறை வடிவில், உள்ளே கூடாக, தேய்ந்த மேலுறை கிடக்கும். கழன்ற இடத்தில் புதுக் கூர் தயாராக இருக்கும்.

எனவே கட்டுரையில் நகம் அப்படியே இருக்கட்டும். அது நூற்றாண்டுகளாக நம் வாயில் புழங்கிவரும் சொல், பிழையில்லை. ஆனால் உகிரை நீங்கள் எழுதுங்கள், புலிக்கு மட்டுமல்லாமல் மனிதருக்கும்.

அன்புடன்.