பழைய டெஸ்க்டாப்பில் பூட் டிரைவாக எந்த எஸ்எஸ்டியைப் போடலாம்?

எச்81 மதர்போர்டும் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசரும் உள்ள டெஸ்க்டாப்பில், பழைய ஹார்ட் டிஸ்கைக் கோப்புகளுக்கு வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவுக்கு) மாற்ற வேண்டும், கேபிளில் இணையும் சாட்டா வகையை வாங்குவதா அதைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 500 ஜிபி அளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை வாங்குங்கள்.

என்விஎம்இ பெட்டியில் 3500 எம்பி என்றும், சாட்டா பெட்டியில் 550 எம்பி என்றும் வினாடி வேகத்தைப் போட்டிருப்பதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவை பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகங்கள். விண்டோஸ் துவங்கும்போது டிரைவின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத்தான் தேடி எடுக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுப்பதால், படிக்கும் முள் நகரும் நேரத்தைச் சேர்க்காமலேயே, ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிசெகண்டுக்கு மேல், காத்திருக்க நேர்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு ஒழிந்துவிடுகிறது. நீங்கள் உணரப்போகும் வேகம் அனேகமாக முழுவதும் இதிலிருந்து வருவதுதான். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது சில வினாடிகளே.

இதே எச்81 போர்டில் நான் என்விஎம்இ டிரைவையும் அதைப் பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் அட்டையையும் வாங்கிப் போட்டு ஏமாந்தவன். விண்டோஸுக்குள் போனால் டிரைவ் தெரிந்தது, கோப்புகளையும் நகலெடுக்க முடிந்தது. கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பூட் பட்டியலில், அதாவது எந்த டிரைவிலிருந்து துவங்கலாம் என்ற பட்டியலில், மட்டும் அதன் பெயர் வரவே இல்லை. என்விஎம்இயிலிருந்து பூட் செய்ய பயாஸிலேயே அதற்கான ஆதரவு இருக்க வேண்டும் என்பதைப் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சாட்டாவிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. தகவலைச் சேமிக்கும் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி விலை குறைவு என்றாலும், எழுதுவதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் அதன் கேச் நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடுவது உண்டு. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் டிராம் கேச் உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதும் தகும். ஆயுளைப் பற்றிக் கவலை வேண்டாம். 300 டிபி (3 லட்சம் ஜிபி) வரை எழுதலாம் என உத்தரவாதம் தரும் டிரைவில் நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 27 ஆண்டுகள் ஆகும்.

மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் எச்81 சிப்செட்டில் உள்ள நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை. போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எஸ்எஸ்டியை அவற்றில் ஒன்றில் செருகுங்கள். விண்டோஸை நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் அந்த டிஸ்கிலேயே உட்கார்ந்துகொள்ளக்கூடும். அப்படி நேர்ந்து, பின்னொரு நாள் அதைக் கழற்றினால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தும் கணினி துவங்காது. நிறுவி முடித்து டிஸ்கை மீண்டும் இணைத்ததும், பயாஸின் பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.