நாற்காலியைத் தள்ளிவிட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு கியூபாவின் ஓர்கெஸ்டா அரகோன் குழுவைக் கேட்டேன். வயலினும் குழலும் மயக்குகின்றன. ஆனால் இவ்வளவு தேர்ந்தவர்கள் ஆட்டத்துக்கு வாசிப்பது செவ்வியல் இசையை நீர்த்துப்போகச் செய்யாதா? இதை ஃப்யூஷன் எனலாமா? எதிலிருந்து தொடங்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு வாரமாக நானும் அரகோனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல நேரத்தில் வாயைக் கிளறினீர்கள்.

ஃப்யூஷன் என்பது கடைக்காரர் ஒட்டும் சீட்டு, விடுங்கள். 1939இல் சியன்ஃபுவேகோஸில் இந்தக் குழு தொடங்கும்போதே குழல், வயலின், பியானோ, பாஸ், டிம்பால் முரசு, உரசி வாசிக்கும் குயிரோ சேர்ந்த சரங்கா என்ற ஆட்டக் குழு பழைய அமைப்பாகிவிட்டிருந்தது.

‘நீர்த்துப்போக’ என்றீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். கியூபாவின் பாஸ் கலைஞர் கச்சாவோ சிறுவனாக இருந்தபோதே ஹவானா ஃபில்ஹார்மோனிக் என்ற செவ்வியல் இசைக்குழுவில் வாசித்தவர். ஆட்டக் குழுவிலும் வாசித்தது அதே கைதானே? உங்களுக்கு நல்ல காது இருக்கிறது, எதற்கு இரவல் அபிப்பிராயம்?

டொரன்டோவில் இருந்தபோது பக்கத்து வீட்டில் கியூபாவின் மத்தான்சாஸ் ஊர்க்கார மூதாட்டி ஒருவர் இருந்தார். மிகேல் ஃபைல்டே 1879 ஜனவரி 1 அன்று டான்சோன் என்ற ஜோடி ஆட்ட இசையின் முதல் உருப்படியை அரங்கேற்றியது அந்த ஊரில்தான். அந்தத் தேதியைத் தன் வீட்டுக் கல்யாணத் தேதி போலச் சொல்வார். ஒருநாள் சமையலறையில் இசைத்தட்டைச் சுழலவிட்டு என் கையைப் பிடித்தார். நான் உடனே காலை எடுத்து வைத்தேன். முழங்கையில் பட்டென்று ஓர் அடி!

டான்சோனின் முதல் பகுதிக்கு ஆடக் கூடாதாம். ஜோடிகள் நிற்பார்கள், விசிறிக்கொள்வார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அது முடிந்த பிறகுதான் கால் எழும். அப்புறம் நடுவில் அதே பகுதி திரும்பி வரும், மறுபடி நிற்க வேண்டும். யாரும் கைகாட்ட மாட்டார்கள். பேசிக்கொண்டே ஒரு காதை இசையில் வைத்திருப்பவருக்குத்தான் எடுப்பு பிடிபடும். மூன்று மாதம் தப்பான இடத்தில் கால் வைத்துத் திட்டு வாங்கினேன். அத்தனை வருடம் சாய்வு நாற்காலியில் கேட்ட எனக்கு அந்தப் பகுதி எங்கே முடிகிறது என்றே தெரிந்திருக்கவில்லை. ஆடுகிறவர்களுக்குக் காது கிடையாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அந்தக் கால்களிடம் இசையும் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆடுகிறவர்கள் குறுக்குத் தாளத்தில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் வயலின்காரர் என்ரிக்கே ஹொரின் மெட்டை எளிதாக்கினார். தரையில் செருப்பு உரசிய சத்தமே அந்தப் புது ஆட்ட இசைக்கு சா-சா-சா என்று பெயராயிற்று என்பார்கள். அதை ஊரெல்லாம் கொண்டுபோனவர்களில் அரகோனுக்குப் பெரிய பங்கு உண்டு.

எதிலிருந்து என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ‘எல் போதெகெரோ’வில் தொடங்குங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிய சா-சா-சா. எழுதியவர் ரிச்சர்ட் எகுவெஸ், குழலும் அவர்தான்.

முதலில் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.