கிராமை மோலாக்கிவிட்டு வாருங்கள்: முதலாண்டு வேதியியல் கேள்வி பதில்

முதலாண்டு வேதியியல் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் ஒரே மாதிரிக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன். கணக்கில் இடிப்பவைதான் அதிகம். லேப் சந்தேகங்களும் உண்டு.

கேள்வி: சார், தராசு கிராமில் காட்டுகிறது, விடையையும் கிராமில்தான் கேட்கிறார்கள். நடுவில் எதற்கு இந்த மோல்?

பதில்: சமன்பாட்டுக்குக் கிராம் தெரியாது, அதனால்தான். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறு. இந்த 2, 1, 2 எல்லாம் எண்ணிக்கை. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் 6.02214076 × 10²³ கொண்ட கட்டுகளாக எண்ணுகிறோம். 2019 முதல் மோலுக்கு இந்த எண்தான் வரையறை. அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணு உண்டோ அத்தனை என்று இருந்தது.

ஒரு கணக்கு போடுவோம். 4 கிராம் ஹைட்ரஜன், 4 கிராம் ஆக்ஸிஜன், எவ்வளவு நீர் கிடைக்கும்? 8 கிராம் என்று சட்டென்று எழுதுபவர்கள் நிறையப் பேர். ஹைட்ரஜன் ஒரு மோல் 2 கிராம், ஆகவே 2 மோல் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஒரு மோல் 32 கிராம், 4ஐ 32ஆல் வகுத்தால் வெறும் 0.125 மோல். அதற்கு 0.25 மோல் ஹைட்ரஜனே போதும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் வினை நின்றுவிடும். கிடைப்பது 0.25 மோல் நீர், அதாவது 4.5 கிராம். மீதி 3.5 கிராம் ஹைட்ரஜன் அப்படியே கிடக்கும். கூட்டிப் பாருங்கள், 8 கிராம் எங்கும் போகவில்லை.

கேள்வி: அப்படியென்றால் மோல் எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான் லிமிட்டிங் ரீஏஜென்ட் (முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்), சரிதானே?

பதில்: இல்லை. மேலே இருக்கும் கணக்கில் அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அதே வினைக்கு 3 மோல் ஹைட்ரஜனும் 2 மோல் ஆக்ஸிஜனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் எண்ணால் வகுங்கள்: ஹைட்ரஜனுக்கு 1.5, ஆக்ஸிஜனுக்கு 2. மோல் அதிகமாக இருந்தும் முதலில் தீர்வது ஹைட்ரஜன். வகுத்த பிறகு எது சிறியதோ அதுதான் வினையைக் கட்டுப்படுத்தும்.

கேள்வி: ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா? இரண்டு புத்தகத்தில் இரண்டு மாதிரி இருக்கிறது.

பதில்: இரண்டும் சரி. 0 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 1 அட்மாஸ்ஃபியர் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. திட்ட அழுத்தம் 1982இல் பாருக்கு மாற்றப்பட்டது, பழைய எண்ணைப் பல புத்தகங்கள் விடவில்லை. வினாத்தாள் எந்த அழுத்தத்தைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: டைட்ரேஷன் (அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை) நடுவில் கூம்புக் குடுவையின் ஓரத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்கிறார்கள். அமிலம் நீர்த்துப்போகாதா? அதே சமயம் காரம் விடும் அளவுக் குழாயான பியூரெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் திட்டுகிறார்கள்!

பதில்: அருமையான கேள்வி. குடுவைக்குள் நீங்கள் பிப்பெட்டால் அளந்து விட்டது 20 மில்லிலிட்டர் அமிலம். அதில் எத்தனை மோல் அமிலம் இருக்கிறது என்பது அந்த நொடியே முடிவாகிவிட்டது. அப்புறம் தண்ணீர் ஊற்றினால் செறிவு குறையும், மோல் குறையாது. காரம் எதிர்கொள்வது அந்த மோல்களைத்தான். ஓரத்தில் தெறித்து ஒட்டியிருக்கும் சொட்டு வினைக்கு வராமல் போவதுதான் அங்கே நஷ்டம், அதற்காகத்தான் கழுவுகிறோம்.

பியூரெட் கதை வேறு. அங்கே செறிவு தெரிந்த கரைசலின் கனஅளவைப் படித்து மோல் கணக்கிடுகிறீர்கள். உள்சுவரில் ஒட்டிய தண்ணீர் அந்தச் செறிவையே குறைத்துவிடும், ரீடிங் கூடுதலாக வரும். ஆகவே பியூரெட்டை நிரப்பப்போகும் கரைசலாலேயே கடைசியாக அலச வேண்டும். குடுவையைத் தண்ணீரால் மட்டும் அலசினால் போதும். அதைக் கரைசலால் அலசினால்தான் தப்பு, அளக்காத மோல்கள் உள்ளே தங்கிவிடும். இன்னும் இரண்டு விஷயம். பியூரெட் முனையில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று தொடங்குமுன் குனிந்து பாருங்கள். நிரப்பியதும் மேலே இருக்கும் புனலை எடுத்துவிடுங்கள். அதிலிருந்து நடுவில் விழும் ஒரு சொட்டு, ஏன் ரீடிங் ஒத்துவரவில்லை என்று உங்களை அலைக்கழிக்கும்.

கேள்வி: டைட்ரேஷனில் பினால்ப்தலீன் நிறங்காட்டி போட்டு இளஞ்சிவப்பு வந்தது. நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் நிறமில்லை. மறுபடி காரம் சேர்க்கவா?

பதில்: வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து பிஎச்சை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மெல்ல இறக்குகிறது, நிறம் போகிறது. குடுவையைச் சுழற்றிய பிறகு 30 நொடி நிறம் நின்றால் அதுதான் முடிவுநிலை.

கேள்வி: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று எழுதினேன், மதிப்பெண் பூஜ்யம். ஃபார்முலா சரியாகத்தானே போட்டேன்?

பதில்: ஃபார்முலாவில் குற்றமில்லை. அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் அது எப்படிக் காரமாகும் என்று ஒரு கணம் நின்று கேட்டிருந்தால் அழித்துவிட்டிருப்பீர்கள். 25 டிகிரியில் தண்ணீரே லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி தருகிறது, உங்கள் அமிலம் தருவதைப்போல் பத்து மடங்கு. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. ஆனால் இரண்டையும் நேராகக் கூட்டிவிடவும் முடியாது. அமிலம் சேர்ந்ததும் தண்ணீர் பிரிகையடைவது கொஞ்சம் குறையும். அதையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் 1.05 × 10⁻⁷ வரும். பிஎச் 6.98.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் வந்திருந்தது: 50 டிகிரியில் தூய நீரின் பிஎச் சுமார் 6.6 என்றால் அது அமிலமா? இல்லை, நடுநிலைதான். சூட்டில் தண்ணீர் கூடுதலாகப் பிரிகையடைகிறது, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சம அளவில் கூடுகின்றன. நடுநிலைக்கு இந்தச் சமம்தான் அடையாளம். 7 என்பது 25 டிகிரிக்கான எண் மட்டுமே.

கேள்வி: 4எஸ், 3டி என்பவை அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்கள். அவற்றில் 4எஸ் முதலில் நிரம்புகிறது. அயனியாகும்போதும் 4எஸ்தான் முதலில் காலியாகிறது. கடைசியில் வந்ததுதானே முதலில் போக வேண்டும்?

பதில்: ஒரே அணுவுக்குள் எலக்ட்ரான்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன என்று கற்பனை செய்வதால் வரும் குழப்பம் இது. நிரப்பும் வரிசை, தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போக நாம் வைத்திருக்கும் விதி. ஒரு அணு உருவான கதை அல்ல. பொட்டாசியம், கால்சியம் இரண்டிலும் 4எஸ் தாழ்ந்த ஆற்றலில் இருப்பது உண்மை. ஸ்கேண்டியத்திலிருந்து அணுக்கருவின் மின்னேற்றம் கூடக்கூட 3டி கீழே இறங்கிவிடுகிறது, சராசரியாகக் கருவுக்குத் தொலைவில் இருப்பது 4எஸ். வெளியே இருப்பது முதலில் போகிறது. இரும்பில் 3டி⁶ 4எஸ்² இருக்கிறது, இரண்டு போனால் 3டி⁶, மூன்று போனால் 3டி⁵.

கேள்வி: பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பதில்: நேர் எதிர். உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் அது வெளிப்படும். ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினையைப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் குளோரினையும் உடைக்க 436 + 243 = 679 கிலோஜூல் செலவு. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது 2 × 431 = 862 வரவு. மிச்சம் 183 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. எரிபொருள் எரிவதும் இதே வரவு செலவுதான்.

கேள்வி: இரும்பின் ஆக்ஸிஜனேற்ற எண் (அணு இழந்ததாகக் கணக்கிடும் எலக்ட்ரான் எண்ணிக்கை) 8/3 என்று வருகிறது. பின்னத்தில் வரலாமா?

பதில்: மூன்று இரும்பும் நான்கு ஆக்ஸிஜனும் கொண்ட மேக்னடைட்டைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வரலாம், அது சராசரி. அங்கே இரண்டு இரும்பு +3, ஒன்று +2.

கேள்வி: நான் தயாரித்த ஆஸ்பிரினின் விளைச்சல் 104 சதவீதம். கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் தப்பு தெரியவில்லை.

பதில்: கணக்கை விடுங்கள், படிகத்தைப் பாருங்கள். ஈரமாக இருக்கும், தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருப்பீர்கள். உலர்த்தி, எடை போட்டு, மறுபடி உலர்த்தி எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும் வரை விடாதீர்கள். உலர்ந்த பிறகு, வினையில் எஞ்சிய சாலிசிலிக் அமிலம் கலந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள். கொஞ்சம் எத்தனாலில் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் போதும். ஊதா நிறம் வந்தால் அது கலந்திருக்கிறது, மறுபடிகமாக்க வேண்டும்.