இரட்டைக் கோபுரங்களும் லேசர் ஆயுதமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் உள்ள 6 கிலோவாட் ஃபைபர் லேசர் 20 மி.மீ. இரும்புத் தகட்டையே வெட்டிவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விமானம் மோதி விழவில்லை, உயர் ஆற்றல் லேசர் ஆயுதத்தால் பதினைந்து நொடிகளில் ஆவியாக்கித் தூளாக்கப்பட்டன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அத்தனை இரும்பும் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பது எனக்கும் நியாயமாகப் படுகிறது. எங்கள் எந்திரத்தைவிடப் பல மடங்கு சக்தியுள்ள ராணுவ லேசரால் இது முடியாதா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் எந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். வெட்டும்போது அதன் நாசில் (ஒளியும் வாயுவும் வெளிவரும் முனை) தகட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. ஒளி குவியும் புள்ளியோ ஒரு மில்லிமீட்டரிலும் சிறு பங்குதான். தடித்த தகட்டை வெட்டுகையில் அதே நாசில் வழியாக வரும் ஆக்சிஜன் இரும்பை எரித்துக் கூடுதல் வெப்பம் தருவதோடு, உருகிய கசடைக் கீழே ஊதித் தள்ளவும் செய்கிறது. தொலைவிலிருந்து சுடும் ஆயுதத்துக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஒரு மீட்டர் அகலக் கண்ணாடியைக் கொண்டு 400 கி.மீ. உயரத்திலிருந்து லேசரைக் குவித்தால், ஒளியின் இயல்பினாலேயே தரையில் விழும் வட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமாகிவிடும். வழியிலுள்ள காற்றின் கொந்தளிப்பும், கற்றையே காற்றைச் சூடாக்கித் தன்னைச் சிதறடித்துக்கொள்வதும் அதை இன்னும் விரிக்கும்.

அடுத்தது ஆற்றல் கணக்கு. ஒரு கிலோ இரும்பைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து உருக்க ஏறக்குறைய 1.3 மெகாஜூல் வேண்டும். ஆவியாக்க மொத்தம் 8 மெகாஜூல் அளவுக்குத் தேவை. இரு கோபுரங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் டன் இரும்பு இருந்தது. ஒரு மெகாவாட் லேசரின் ஒளி முழுவதையும் இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் (உண்மையில் பாதிக்கு மேல் திருப்பி எறிந்துவிடும்), ஒரு டன்னை உருக்க இருபது நிமிடத்துக்கு மேலாகும். ஒரு கோபுரத்தின் இரும்பை உருக்க நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். காணொளி சொல்வதுபோல அதைப் பதினைந்து நொடிகளில் ஆவியாக்க வேண்டுமானால், மின்சாரம், பெட்ரோல், நிலக்கரி என்று இன்றைய உலகம் முழுவதும் செலவழிக்கும் ஆற்றலைப்போல இரு மடங்குக்கும் மேலானதை அந்த நொடிகளில் ஒரே கருவி பாய்ச்ச வேண்டும்.

2001இல் இருந்தவை என்ன? நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் சோதனைக் களத்தில் மிராக்கிள் என்ற மெகாவாட் தர வேதி லேசர் தரையோடு நிலைகொண்டிருந்தது. போயிங் 747 விமானத்தில் லேசரைப் பொருத்தும் திட்டத்தில் அந்த விமானம் முதலில் பறந்ததே 2002இல்தான். 2010 பிப்ரவரியில் அது ஓர் ஏவுகணையை வானில் அழித்தது. அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. உந்துவிசையில் சீறிச் செல்லும் ஏவுகணையின் மெல்லிய உலோகத் தோல் ஏற்கெனவே கடும் அழுத்தத்தில் இருப்பதால், ஓரிடத்தில் சூடாக்கி நலிவடையச் செய்தாலே மற்றதை அந்த அழுத்தம் முடித்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் கர்னூலில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. சோதித்த 30 கிலோவாட் லேசரும் டிரோன்களை வீழ்த்துவதற்கானதே.

கட்டடத்தையும் முழுக்க உருக்க வேண்டியதில்லையே, சில தூண்களை நலிவடையச் செய்தால் போதாதா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கேள்வியின் மிக வலுவான வடிவம் அதுதான். ஒவ்வொரு கோபுரமும் உயர்ந்து நின்றதனாலேயே தன் எடையில் தேக்கி வைத்திருந்த ஆற்றல் ஏறக்குறைய 100 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரானது, அதை அவிழ்த்துவிட்டால் போதும் என்பது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வரும் கற்றைக்குத் தெரிவது ஒரு பக்கத்தின் 59 புறத்தூண்கள் மட்டுமே; நடுவிலுள்ள 47 தூண்களை அது எட்டாது. விமானங்கள் மோதியதால் மூண்ட தீ எட்டியது. இரும்பு 600 டிகிரி செல்சியஸ் அளவில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. மோதலில் தீக்காப்புப் பூச்சு உதிர்ந்துபோன தளங்களில் அந்தத் தீ தெற்குக் கோபுரத்தில் 56 நிமிடமும் வடக்குக் கோபுரத்தில் 102 நிமிடமும் எரிந்தது. வடக்குக் கோபுரம் விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, 10:23 மணிக்கு எடுத்த புகைப்படத்தில், தொய்ந்த தளங்கள் இழுத்ததால் தெற்கு முகத்தின் தூண்கள் ஒரு மீட்டருக்கும் மேல் உள்நோக்கி வளைந்திருப்பதை அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் அளந்து, 2005 அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டால் ஒரு முகம் முழுவதும் இப்படி வளையாது.

இரும்பு எங்கே போயிற்று என்பதற்கான விடையில் ஒரு பகுதி நம் ஊரிலேயே இருக்கிறது. அந்தக் கோபுரங்களின் பழைய இரும்பு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் விற்கப்பட்டது. 2002 தொடக்கத்தில் கப்பல்களில் சென்னைத் துறைமுகத்துக்கே வந்து இறங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் போன்ற நச்சுகள் அதில் ஒட்டியிருக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தன. வேறொரு பகுதி யு.எஸ்.எஸ். நியூயார்க் என்ற போர்க்கப்பலின் முகப்பில் வார்க்கப்பட்டிருக்கிறது.

தெருக்களை மூடிய தூள் இரும்பு அல்ல. இலேசு கான்கிரீட், ஜிப்சம் பலகை, கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவை நொறுங்கி உண்டான தூள் அது. அந்தத் தூளைப் பற்றி எனக்கு உண்மையான கோபம் உண்டு. நியூயார்க்கின் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் 2001 செப்டம்பர் 18 அன்று அறிவித்தார். அப்படிச் சொல்வதற்குப் போதிய தரவு அன்று கையில் இல்லை என்று அந்த முகமையின் தலைமைத் தணிக்கை அலுவலகமே 2003இல் அறிக்கை தந்தது. அன்று ஒரே நாளில் இறந்த நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அதன்பின் அங்கு பணியாற்றியதால் வந்த நோய்களால் இறந்த வீரர்களின் எண்ணிக்கை 2024க்குள் அதையும் தாண்டிவிட்டது.