விசில் கொடுக்க ஆளில்லாத வண்டி

கேள்வி: பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருக்கிறேன். தனியாகவே ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி என்று சுற்ற ஆசை. இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், மலையில் மட்டும் ஓட்டியதில்லை. மகன் வேண்டவே வேண்டாம் என்கிறான். எங்கே ஆரம்பிக்கலாம்?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏற்காட்டில் ஆரம்பியுங்கள் டீச்சர். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். கொல்லிமலையில் 70. அது அப்புறம்.

ஏறுவதை நினைத்து உங்கள் மகன் பயப்படுகிறார் போலிருக்கிறது. பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. நான் கடலூர்–புதுச்சேரி ரூட்டில் பஸ் ஓட்டியவன். தென்பெண்ணைப் பாலம்தான் எனக்குத் தெரிந்த மலை. ஓய்வுக்குப் பிறகு என் வேனில் ஏற்காடு போய்விட்டு, மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் கருகிய நாற்றம். அடுத்த மிதியில் வண்டி நிற்க மாட்டேன் என்றது. இரண்டாவது, முதல் கியர் என்று மாற்றி, மலைப்பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து, “அண்ணா, ஏறுன கியர்லயே எறங்கணும், இதுகூடவா தெரியாது?” என்றார். நான் பஸ் டிரைவர் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பிரேக் தேயத் தேயச் சூடாகும், சூடு மிஞ்சினால் பிடிக்காது. கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். சூடேறிய சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். ரோடு குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

தனியாகப் போவதில் எனக்கு உண்மையில் சிரமமாக இருந்தது வேறொன்று. பஸ்ஸில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று “வரலாம், வரலாம், ரைட்” என்று விசில் ஊத கண்டக்டர் இருப்பார். வேனில் யார்? கேமராவை நம்பிப் பின்னால் எடுத்தேன். கேமரா தரையைக் காட்டியதே தவிர, மேலே நீட்டிக்கொண்டிருந்த சில்வர் ஓக் கிளையைக் காட்டவில்லை. கூரையில் இருந்த சோலார் தகடு போச்சு. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் இறங்கி, பின்னால் நடந்து போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு முட்டுக்கட்டைகளும் கையோடு இருக்கட்டும். மலையில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பித் தூங்க முடியாது.

ராத்திரி எங்கே நிறுத்துவது என்பதை மத்தியானமே முடிவு செய்யுங்கள். நாலு மணிக்கு மேல் இடம் தேடாதீர்கள், மூடுபனி இறங்கிவிடும். லாட்ஜ் வாசல், பெட்ரோல் பங்க் என்று எதுவானாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அழகாக இருக்கிறதே என்று காட்டோரம் மட்டும் வேண்டாம். யானைக்கு அது பாதை. ஊட்டி தாண்டி மைசூர் பக்கம் போனால், பந்திப்பூர் ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு கேட்கிறார்கள்.

அப்புறம், வேனை வீடாக்கியதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியாகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள்.

கேள்வி: ஊட்டியில் வேனுக்குள் சமைத்தேன். ஒரு மணி நேரமாகியும் பருப்பு வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டாரா? குளிருக்கு ஒரு கரி அடுப்பும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய வண்டிக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நாற்றம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டு கம்பளி போதும். கேஸ் அடுப்பானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால் தரையோரமும் ஒரு துவாரம் இருக்கட்டும்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கர் எடுத்துப் போங்கள். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தும்போதே பருப்பை ஊறப்போட்டு மூடிவிடுங்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் ஊறியிருக்கும்.