கதவிடுக்கில் செருப்பு

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன். போன வருடம் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்தேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவியும் வேலைக்குப் போகிறார். மகளுக்கு நாலு வயது. அப்பா இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். வார நாட்களில் வீடு, ஆபீஸ், டிராஃபிக், அவ்வளவுதான். அதனால் சனி ஞாயிறு தவறாமல் எங்காவது கிளம்பிவிடுவோம். நந்தி மலை, குடகு, சிக்மகளூர், ரிசார்ட், மால் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் இந்த ஊர் ஒட்டவே இல்லை. ஞாயிறு சாயங்காலமானால் மனசு வெறிச்சோடிப் போகிறது. அம்மாவுக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளாது, அதனால் வீட்டில் இருந்துகொள்வார். வீட்டில் சின்னச் சின்னச் சண்டைகள் வேறு. எங்கள் கதவு இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி இரண்டுதான், எனக்கொன்று, மனைவிக்கொன்று. மத்தியானம் ஸ்கூல் வேனிலிருந்து பாப்பாவைக் கூட்டிவரப் போகும்போது அம்மா கதவிடுக்கில் தன் செருப்பை வைத்துவிட்டுப் போகிறார். திருட்டு பயம் இருக்கிறதே என்று எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. பெங்களூரை எங்கள் ஊராக ஆக்கிக்கொள்ள இன்னும் எங்கெங்கே போகலாம், சொல்லுங்கள்.

பதில்: தம்பி, எங்கெங்கே போகலாம் என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் செருப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

அம்மா சொன்னால் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேறு என்ன செய்ய முடியும்? கதவு சாத்திக்கொண்டால் அவரால் உள்ளே வர முடியாது. பசியோடு வந்த நாலு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, நீங்களோ உங்கள் மனைவியோ ஆபீசிலிருந்து வரும்வரை ஒன்பதாவது மாடி வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்க அந்த அம்மாள் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அதற்கும் திட்டு வாங்குகிறார். சரி, செருப்பு கதவிடுக்கில் இருக்கிறதென்றால் கீழே போகும்போது காலில் என்ன இருக்கிறது? அதைப் பார்த்தீர்களா? ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு யாரும் லிஃப்டில் இறங்க மாட்டார்கள். உங்கள் அம்மா தினமும் மத்தியானம் வெறுங்காலோடு வெயிலில் கேட் வரை போய் உங்கள் பெண்ணை அழைத்து வருகிறார்.

மூன்றாவது சாவி போட எவ்வளவு நேரம் ஆகும்? சாவி போடுகிறவர் இல்லாத கடைத்தெரு எந்த ஊரிலும் கிடையாது. சாதாரணச் சாவி என்றால் நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ராவிக் கொடுத்துவிடுவார். விசேஷப் பூட்டு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் ஒரு போனில் முடிகிற காரியம். ஒரு வருடமாகச் சண்டை போடுகிறீர்கள், ஒரு சாவி போட்டுக் கொடுக்கத் தோன்றவில்லை. காசு பிரச்சினை இல்லை என்பது ரிசார்ட் கணக்கிலேயே தெரிகிறது. அம்மா வெளியே போவார், வருவார் என்கிற நினைப்பே உங்களுக்கு வரவில்லை. எப்போதும் உள்ளேதான் இருப்பார், கதவைத் திறந்துவிடுவார் என்று வைத்துக்கொண்டுவிட்டீர்கள்.

இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். இதே மாதிரிக் கடிதங்கள் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஹைதராபாதிலிருந்தும் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவார்கள், கண் ஆபரேஷன் செய்து வைப்பார்கள், பெரிய டி.வி. வாங்கி மாட்டுவார்கள். அந்த அம்மா நேற்று யாரிடம் பேசினார் என்று கேட்டால் பதில் இருக்காது. உங்களிடமும் கேட்கிறேன். வீட்டிலிருக்கும் மூன்று பேரைத் தவிர, போன வாரம் உங்கள் அம்மா யாரிடம் நேருக்கு நேராகப் பேசினார்?

கோவில்பட்டியில் அவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குத் தெரிந்த அந்தப் பக்கத்துப் பெண்கள் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புகிறவர்கள். வெள்ளிக்கிழமை என்றால் செண்பகவல்லி அம்மன் கோயில், வருகிற வழியில் கத்தரிக்காய்க்காரியிடம் ஒரு பேரம், பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம். பூட்டைத் திறக்க யாரையும் எதிர்பார்க்க மாட்டார்கள். அப்படி இருந்தவரை “அழைத்து வந்துவிட்டேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவரைக் கேட்டீர்களா? எத்தனை நாளைக்கு என்று பேசினீர்களா?

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேத்தியை வளர்ப்பது பாட்டியின் கடமை இல்லை. அது பெற்றவர்களான உங்கள் இருவரின் கடமை. பாட்டி செய்வது பாசத்தில் செய்வது. ஆனால் வயதான தாயைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது மகனின் கடமை. சோறும் மருந்தும் அதில் பாதிதான். சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் பெட்டியோடு கிளம்பிப் போய் ஞாயிறு திரும்புகிறீர்கள். அந்த இரண்டு நாளும் மொழி தெரியாத ஊரில், ஒன்பதாவது மாடியில், கையில் சாவி இல்லாமல் அவர் இருக்கிறார். அவருக்கு ஒரு நெஞ்சுவலி வந்தால்? நினைத்துப் பார்க்கவே எனக்குப் பதறுகிறது.

இதில் உங்கள் மனைவியை இழுக்காதீர்கள். “உன் மாமியாருக்கு நீ ஏன் சாவி தரவில்லை” என்று இன்று ராத்திரி ஆரம்பித்தீர்களானால் நான் எழுதியது அத்தனையும் வீண். அவர் உங்கள் அம்மா. சாவி உங்கள் பொறுப்பு.

இனி ஊர் ஒட்டவில்லை என்கிற விஷயம். எப்படி ஒட்டும்? வார நாட்களில் ஆபீஸ். லீவு நாட்களில் ஊரிலேயே இருப்பதில்லை. குடகும் சிக்மகளூரும் பெங்களூர் ஆகாது தம்பி, இரண்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். மால் எந்த ஊரிலும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரே கீரைக்காரரிடம் பத்து வாரம் கீரை வாங்கினால், பதினோராவது வாரம் அவரே கூப்பிட்டு நல்ல கட்டாக எடுத்துக் கொடுப்பார். ஊர் அங்கேதான் ஒட்ட ஆரம்பிக்கும். அந்த வேலையை உங்கள் வீட்டில் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். சாவியைக் கொடுங்கள். இரண்டே மாதத்தில் உங்கள் குடியிருப்பில் யார் எந்த ஊர், எந்தக் கடையில் இட்லி அரிசி கிடைக்கும் என்பதெல்லாம் அவர் மூலமாகத்தான் உங்களுக்குத் தெரிய வரும்.

கார் ஒத்துக்கொள்ளாது என்கிறீர்கள். மலை வளைவில் பின்சீட்டில் உட்கார்ந்தால் பலருக்கும் குமட்டும். அது குடகுக்குப் போகாமலிருக்கக் காரணம், வீட்டிலேயே கிடப்பதற்குக் காரணம் ஆகாது. உங்கள் ஏரியாவிலேயே மெட்ரோ இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு காடுகோடியிலிருந்து சல்லகட்டா வரை பர்ப்பிள் லைன் முழுக்க ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் அல்சூரில் இறங்கலாம். அங்கே சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது, பழைய கோயில். சுற்றிலும் தமிழ்க் குரல் கேட்கும்; கண்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழர்கள் குடியிருக்கிற பகுதி அது. பூக்காரரிடம் உங்கள் அம்மா தமிழிலேயே முழம் என்ன விலை என்று கேட்கலாம். பக்கத்தில் ஏரி. அங்கேதான் 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பாப்பாவுக்குக் காட்டுங்கள்.

அதே ரயிலில் இன்னும் கொஞ்சம் போனால் கப்பன் பார்க். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள், குழந்தையைத் தைரியமாக ஓடவிடலாம்.  மூங்கில் புதர்ப் பக்கம் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். லால்பாக் போவதானால் மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாற வேண்டும். மெஜஸ்டிக்கில் கூட்டம் அதிகம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் அது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் நெரிசல், பெரியவர்களோடு போவதானால் சாதாரண ஞாயிறு காலைதான் நல்லது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடைத்தெருவுக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள். பூவும் காய்கறியும் பித்தளைச் சாமானும் பார்த்தால் அவர் சீக்கிரம் கிளம்ப மாட்டார், நீங்கள் அவசரப்படுத்தாமல் நில்லுங்கள்.

கன்னடக் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையையொட்டி பசவனகுடியில் கடலேகாய் பரிஷே என்கிற நிலக்கடலைச் சந்தை நடக்கும். விவசாயிகள் புது நிலக்கடலையைக் கொண்டுவந்து பெரிய நந்தி கோயில் தெரு முழுக்கக் குவித்து விற்பார்கள். உங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோவில்பட்டி அம்மாவுக்கு நிலக்கடலையைப் பற்றி அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்தான் உங்களுக்குச் சொல்லுவார். திங்கட்கிழமை என்று தயங்காதீர்கள். ரிசார்ட்டுக்கு லீவு போட்டிருப்பீர்கள், இதற்கும் ஒரு நாள் போடுங்கள்.

இன்னொன்று. கர்நாடகாவில் 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் டிக்கெட் இலவசம், ஆனால் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் ஆதாரில் எந்த ஊர் இருக்கிறது? ஊரில் ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இருக்கும். மாற்றுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே இங்கே எத்தனை நாள் இருக்க அவருக்கு இஷ்டம் என்பதும் வெளியே வந்துவிடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பெங்களூர் வழியாகத்தான் போகிறது, கோவில்பட்டியில் நிற்கும். கீழ் பெர்த் பார்த்து டிக்கெட் போட்டுக் கொடுங்கள். அந்த மாதம் குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்பதை நீங்களும் மனைவியும் யோசியுங்கள், உங்கள் குழந்தைதானே. அப்புறம், நீங்கள் மூன்று பேரும் கொஞ்சம் கன்னடம் பேசப் பழகுங்கள். சம்பளம் தருகிற ஊரின் மொழியில் நாலு வார்த்தை பேசாமல் ஊர் ஒட்டவில்லை என்று குறைப்பட எனக்கு மனம் வராது.

இந்த வாரம் எங்கே போகலாம் என்று அம்மாவைக் கேட்டால், “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்” என்றுதான் சொல்வார். ஒரு வருடமாக நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது இந்தப் பதிலைத்தான். இனி எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேளுங்கள். மெட்ரோ கார்டு ஒன்று அவருக்கென்று தனியாக வாங்கிக் கொடுங்கள். முதல் தடவை ரயில் கதவு திறந்து மூடுகிற வேகத்தில் மிரண்டுவிடுவார், அதனால் பாப்பாவை மனைவியிடம் விட்டுவிட்டு நீங்கள் அம்மாவோடு சேர்ந்து ஏறுங்கள்.